பாசி வாயுவில் பால் காய்ச்சிய கதை

சாக்கடைத் தண்ணீரில் பாசி வளர்த்து, அந்தப் பாசியிலிருந்து வாயு எடுத்து, அந்த வாயுவில் அடுப்பு மூட்டிய முதல் தமிழன் அநேகமாக நான்தான். இத்தனை வருஷமாக இதை நான் எங்கும் சொல்லிக்கொண்டதில்லை. தன்னடக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். வெட்கம்தான் காரணம். வயதான பிறகு பழைய அசட்டுத்தனங்களை நினைத்தால் சிரிப்பு வரும் என்பார்கள். இந்த ஒன்றை நினைத்தால் மட்டும் எனக்கு இன்றும் காது சூடாகிறது.

அறுபதுகளின் பிற்பகுதி. எனக்கு இருபத்துநாலு வயது. சிங்கப்பூரில் ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆய்வுக்கூட உதவியாளனாக இருந்தேன். ஊர் மக்கள் காலையில் முடித்துவிட்டு மறந்துபோகிற விஷயத்தை, நான் சாயங்காலம் வரை கண்ணாடிக் குப்பியில் பிடித்து, குலுக்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, நோட்டில் எழுத வேண்டும். கௌரவமான அரசாங்க வேலைதான். ஆனால் அதை யாரிடமும் விளக்கிச் சொல்ல முடியாது.

அதற்கு நாலு வருஷம் முன்னால், அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதே இந்தச் சிக்கல் வந்தது. எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அக்காதான் என்னை ஆளாக்கினாள். மாப்பிள்ளையின் அம்மா ரொம்ப ஆசாரம். ஃபேரர் பார்க் பக்கத்தில் இருந்த அவர்கள் வீட்டுச் சமையலறைக்குள் குளிக்காமல் பூனைகூட நுழையாது. அவர் என்னைப் பார்த்து, "தம்பி எங்க வேலை பாக்குது?" என்று கேட்டார்.

"தண்ணி இலாகாவுல," என்றேன்.

எந்தத் தண்ணீர் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். (பெண் பார்க்கும் நேரத்து நாணம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.)

அதற்குப் பிறகு நாலு வருஷம் அந்தப் பொய்க்குள்ளேயே குடியிருந்தேன். அக்காவின் மாமியாரை நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். குழாய்த் தண்ணீரில் கொஞ்சம் மருந்து வாடை அடித்தால்கூட அத்தை சிங்கப்பூர்ப் பேச்சின் 'லா' சேர்த்து என்னைத்தான் பிடிப்பார். "என்ன தம்பி, இந்த வாரம் மருந்த ரொம்பப் போட்டுட்டீங்க லா." நானும் முகத்தைப் பெரிய உத்தியோகஸ்தன் மாதிரி வைத்துக்கொண்டு, "சொல்லி வைக்கிறேன் அத்தை," என்பேன். அடுத்த வாரம் வாடை குறைந்திருந்தால் அந்தப் பெருமையும் எனக்குத்தான்.

இப்படியே இருந்திருந்தால் ஒரு கெடுதலும் வந்திருக்காது. பாசிதான் என்னைக் கெடுத்தது.

எங்கள் நிலையத்தின் கோடியில் சில குளங்கள் இருந்தன. பாதி சுத்தமான கழிவுநீரை அங்கே வெயிலில் தேக்கி வைப்போம். இரண்டே நாளில் குளம் பச்சைப் பட்டு விரித்த மாதிரி ஆகிவிடும். மேலதிகாரி படித்துவிட்டுத் தூக்கிப் போடும் சஞ்சிகைகளை நான் பொறுக்கிப் படிப்பது வழக்கம். அப்படி ஒன்றில், வெளிநாட்டு விஞ்ஞானிகள் இதே மாதிரிப் பாசியை வழித்தெடுத்து, காற்றுப் புகாத தொட்டியில் புளிக்க வைத்து, எரிகிற வாயு எடுக்கிறார்கள் என்று போட்டிருந்தது. அழுக்குத் தண்ணீரும் வெயிலும் இருந்தால் போதும், அடுப்பு எரியும். சிங்கப்பூரில் இந்த இரண்டுக்கும் பஞ்சமே இல்லை.

அன்று முதல் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுக்குமாடி வீடு ஒவ்வொன்றிலும் நீல ஜுவாலை எரிவது போலவும், அவரவர் அடுப்புக்கு அவரவர் வீட்டாரே மூலப்பொருள் தருவது போலவும், நான் மேடையில் மாலையோடு நிற்பது போலவும் பட்டப்பகலில் கனவு கண்டேன். கொட்டகைக்குப் பின்னால் ஒரு பழைய எண்ணெய் பீப்பாயைப் போட்டு, பழைய வேட்டியால் பாசியை வடிகட்டி, அதில் நிரப்பி மூடினேன். முதல் முறை ஒன்றும் வரவில்லை. இரண்டாம் முறை நாற்றம் மட்டும் வந்தது. மூன்றாம் முறை வாயு வந்தது, என் இடது புருவம் போனது.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கும் அத்தானுக்கும் தோ பாயோ அடுக்குமாடிப் பேட்டையில் புது வீடு கிடைத்தது. ஐந்தாவது மாடி. கல்யாணமாகி நாலு வருஷமாக அக்காவுக்குக் குழந்தை இல்லை. அதற்காக அவள் கேட்காத பேச்சில்லை. வீடு கிடைத்த நேரம் அவளுக்கு ஐந்தாம் மாதம். அத்தைக்குத் தலைகொள்ளாத சந்தோஷம். "வூடும் வந்துச்சு, புள்ளையும் வருது. எல்லாம் இவ ராசி," என்று முதல் தடவையாக அக்காவைப் பற்றி நாலு பேர் காதில் விழும்படி நல்லதாகச் சொன்னார்.

கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்ததும் நான் முந்திரிக்கொட்டையாக, "பால் என் அடுப்புலதான் காயணும் அத்தை," என்றேன். "பாசியிலேருந்து நானே எடுத்த கேஸு."

"பாசின்னா? குளத்துல கெடக்குமே, அதுவா?"

"அதேதான் அத்தை."

எந்தக் குளம் என்று இந்த முறையும் அவர் கேட்கவில்லை. "அட, தம்பிக்கு எம்புட்டு மூளை பாரு," என்று சுற்றியிருந்தவர்களிடம் சொன்னார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "வேணாம்டா. மண்ணெண்ணெய் அடுப்பு போதும். அன்னைக்கு ஒண்ணும் தப்பா ஆயிடக்கூடாது."

"உனக்கு என்ன தெரியும்?" என்றேன். "எனக்கும் நாலு பேர் முன்னாடி ஒரு மரியாதை வேணாமா?" என்னை வளர்த்தவளிடம் நான் பேசிய லட்சணம் இது.

கிரகப்பிரவேசத்தன்று காலையில் என் ஊர்வலம் கிளம்பியது. ஒரு லாரி டயரின் டியூபில் வாயுவை நிரப்பி, புடைத்துப் பெருத்த அந்தக் கறுப்பு வளையத்தை டிரைஷா என்ற மூன்று சக்கரச் சைக்கிள் வண்டியில் ஏற்றி, அதை அணைத்தபடி உட்கார்ந்திருந்தேன். டிரைஷாக்காரர் என்னவென்று கேட்டதற்கு, நீந்தப் போகிறேன் என்று சொன்னேன். மடியில் ஒரு பெரிய கண்ணாடிப் புட்டி. அதில் குளத்துத் தண்ணீர், உயிரோடு இருக்கும் பாசியுடன். விருந்தினருக்குக் காட்டி விளக்கவுரை நிகழ்த்த வேண்டாமா? பேச்சைக்கூட எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். ஆய்வுக்கூடத்திலிருந்து யாரிடமும் சொல்லாமல் எடுத்து வந்த ஒரு சின்ன அடுப்பும் சட்டைப்பையில் இருந்தது.

டியூபைக் கீழே விட்டுவிட்டு முதலில் புட்டியோடு ஏறினேன். சில மாடிகளில் மட்டும் நிற்கும் அந்தக் காலத்து மின்தூக்கி, ஐந்தாவது மாடியில் நிற்காது. ஆறாவது மாடியில் இறங்கிப் படியில் வந்தபோது புட்டி சுவரில் இடித்துக் கீறல் விட்டது. சொட்டுச் சொட்டாக ஒழுக ஆரம்பித்தது. ஓடிப்போய் வீட்டுக்குள் நுழைந்தேன். சமையலறை மேடையில் ஒரு சின்னப் பித்தளைக் குடம், புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. அதில் இருந்த தண்ணீரை நானே என் கையால் கொட்டினேன். கொட்டிவிட்டு, என் பச்சைத் தண்ணீரை அதில் ஊற்றினேன். பிறகு டியூபை எடுத்து வரக் கீழே ஓடினேன்.

பூஜைக்கு வைத்திருந்த குடத்தில் யாராவது சாக்கடைத் தண்ணீரை ஊற்றுவார்களா என்று நீங்கள் கேட்கலாம். விஞ்ஞானிகள் ஊற்றுவார்கள்.

அன்று நல்ல முகூர்த்த நாள். ஐயருக்கு நாலு கல்யாணம் இருந்ததால், அத்தை தானே முன்னின்று எல்லாவற்றையும் நடத்தினார். நான் திரும்பி வந்தபோது கூடத்தில் இருபது பேருக்கு மேல் நெருக்கியடித்து நின்றார்கள். சாம்பிராணிப் புகையில் யார் முகமும் தெரியவில்லை. நான் நேராகச் சமையலறைக்குப் போய் டியூபையும் அடுப்பையும் ரப்பர் குழாயால் இணைத்தேன். தீக்குச்சியைக் கிழித்து வைத்தேன்.

எரிந்தது.

இந்த ஒரு வரியை நான் அடிக்கோடிட்டு எழுதவேண்டும். நீல நிறத்தில், புகையில்லாமல், அழகாக எரிந்தது. பாசியைச் சாக்கடையிலிருந்து அடுப்புவரை கொண்டுவந்தவன் என்ற முறையில் எனக்குக் கண் கலங்கியது. அன்று நடந்ததில் இன்றுவரை யாருக்குமே ஞாபகம் இல்லாத ஒரே விஷயம் இந்த ஜுவாலைதான்.

ஆனால் அழுத்தம் போதவில்லை. ஜுவாலை சுண்டுவிரல் உயரம்கூட வரவில்லை. பால் சூடாகி, யோசித்து, மறுபடி ஆறுகிற மாதிரி இருந்தது. "நல்ல நேரம் முடியப்போவுது லா," என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. "அத்தான், டியூப் மேல உக்காருங்க," என்றேன். பட்டு வேட்டி கட்டிய அத்தான், பாவம், மறுபேச்சில்லாமல் டியூபின் மேல் ஏறி உட்கார்ந்தார். ஜுவாலை எழும்பியது. "அசையாதீங்க, அமுக்குங்க," என்று நான் கட்டளையிட்டேன். அந்த வீட்டின் தலைவர் தன் கிரகப்பிரவேசத்தை அந்தக் கோலத்தில்தான் நடத்தினார்.

அப்போது என் நெற்றியில் சில்லென்று தண்ணீர் பட்டது. உதட்டிலும் ஒரு சொட்டு விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். அத்தை ஒரு கையில் பித்தளைக் குடமும் மறு கையில் மாவிலையுமாக வீடு முழுக்கத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்திருந்தார். குடத்துக்குக் குங்குமம் வைத்து, கழுத்தில் பூச்சுற்றி, நூல் கட்டியிருந்தது. குடத்தின் வாயில் வைத்திருந்த தேங்காயைக் கூடத்தில் எடுத்து வைத்துவிட்டு வந்திருக்கிறார். மாவிலையிலிருந்து சொட்டிய தண்ணீர் பச்சையாக இருந்தது.

"சரோஜா துளசிய நல்லாக் கசக்கிப் போட்டிருக்கா பாரு. என்ன பச்சை," என்றார் அத்தை, அக்காவை மெச்சி. பிறகு நாலு சொட்டை எடுத்துப் பாலிலும் விட்டார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "என்ன தம்பி?" என்றார். "ஒண்ணுமில்ல அத்தை," என்றேன். ஏனென்றால் என் மனசு சத்தியமாக இப்படித்தான் கணக்குப் போட்டது: தெளித்தது தெளித்தாகிவிட்டது, தலையில் விழுந்த தண்ணீர் காய்ந்துவிடும், யாருக்கும் தெரியப்போவதில்லை. பாலை மட்டும் எப்படியாவது தவறிக் கொட்டிவிடலாம். இருபது பேர் தலையில் கழிவுநீர் விழுந்ததைவிட என் உத்தியோகம் வெளியே தெரிந்துவிடுமே என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

ஆனால் அத்தை அதோடு நிற்கவில்லை. கூடத்துக்குப் போய்க் குடத்தைத் தரையில் வைத்து, ஒரு சின்னக் கரண்டியை எடுத்தார். "மொதல்ல மாசமா இருக்கிறவளுக்கு. வாம்மா சரோஜா."

தீர்த்தம் குடிக்கக் கொடுப்பார்கள் என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

குழாயைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினேன். அடுப்பு அணைந்தது. அக்கா வலது கையைக் குழித்து நீட்டியிருந்தாள். அத்தை ஒரு கரண்டி பச்சைத் தண்ணீரை அதில் விட்டுவிட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் குடிக்கக்கூடாது என்பதுதான். அதற்கு, "குடிக்காதே" என்ற ஒரே சொல் போதும். மூன்று வயதுக் குழந்தைக்குக்கூட வாயில் வரும் சொல். நான் என்ன செய்தேன் தெரியுமா? தடுக்கி விழுகிறவன் மாதிரி நடித்து, குடத்தைக் காலால் உதைத்தேன்.

குடம் உருண்டது. பச்சைத் தண்ணீர் புதுத் தரையில் வாசல்வரை ஓடியது.

கிரகப்பிரவேசத்தன்று கும்பம் சாய்ந்தால் என்ன பொருள் என்று நம் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அத்தையின் முகம் வெளுத்துவிட்டது. அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. என்னைப் பார்க்கவே இல்லை. அக்காவின் வயிற்றைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள், "நாலு வருஷம் கழிச்சு வந்தது... கடவுளே," என்று முணுமுணுத்தார். அந்த ஒரு நொடியில் அக்காவின் ராசி தலைகீழாக மாறிவிட்டது. அதை என் கண்ணால் பார்த்தேன். பிள்ளைக்கு நாளைக்கு ஒரு தும்மல் வந்தாலும் இந்தக் குடத்தைத்தான் சொல்வார்கள்.

அத்தை சொன்னார்: "போனது போவட்டும். உன் கையில இருக்கே, அது மட்டுந்தான் மிச்சம். நீயாவது குடிச்சிரும்மா. புள்ளைக்கு ஆவும்."

அக்கா குழித்த கையோடு அப்படியே நின்றாள். குடிக்கவும் இல்லை, கீழே விடவும் இல்லை. என்னைப் பார்த்தாள்.

"அக்கா, குடிக்காத," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "அது தீர்த்தம் இல்ல. கக்கூஸ் தண்ணி."

அதன் பிறகு அணை உடைந்த மாதிரி எல்லாம் வந்தது. நான் வேலை பார்ப்பது குடிதண்ணீரில் இல்லை, கழிவுநீரில். பாசி வளர்ந்தது கோயில் குளத்தில் இல்லை, எங்கள் குளத்தில். குடத்துத் தண்ணீரை மாற்றியது நான். கும்பம் சாயவில்லை, நான்தான் உதைத்தேன். அது கும்பமே இல்லை, அதனால் கெட்ட சகுனமும் இல்லை. (விஞ்ஞானியின் விளக்கவுரை இப்படித்தான் கடைசியில் நிகழ்ந்தது.)

அத்தை மெதுவாகத் தன் தலையைத் தொட்டுப் பார்த்தார். ஈரம். "யார் வூட்டுத் தண்ணி?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நான் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் பொய் எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. "எல்லார் வூட்டுதும், அத்தை. ஊர் முழுக்க."

அத்தை அக்கா பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா? இவன் வேலை?"

"தெரியும் அத்தை. கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். அவனைச் சொல்லாதீங்க. நான்தான் மறைச்சேன்," என்றாள் அக்கா. நாலு வருஷப் பொய்யை அவள் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள். நான் அதற்கும் வாயைத் திறக்கவில்லை.

பிறகு நடந்தது குளியல். புது வீட்டின் ஒரே குளியலறைக்கு முன்னால் இருபது பேரும் வரிசையில் நின்றார்கள். மாற்றுத்துணி யாரிடமும் இல்லை. திரைச்சீலைக்கு வாங்கி வைத்திருந்த துணியைச் சுற்றிக்கொண்டு, பெரிய பெரிய மனிதர்கள் தாழ்வாரத்தில் தலைதுவட்டினார்கள். நான் தரையைக் கழுவினேன். மூன்று முறை கழுவிய பிறகும் அத்தை, "இன்னும் ஒரு தடவை," என்றார். எதிர்வீட்டு மலாய் அம்மா எட்டிப் பார்த்து, விஷயம் முழுசாகப் புரியாமலேயே இரக்கப்பட்டு, தன் மண்ணெண்ணெய் அடுப்பையும் ஒரு டின் கெட்டிப்பாலையும் கொடுத்தார். நல்ல நேரம் எப்போதோ முடிந்திருந்தது. சுத்த ராகுகாலத்தில், தகரடப்பாப் பாலில் தண்ணீர் கலந்து, அந்த வீட்டின் முதல் பால் பொங்கியது.

அத்தை என்னோடு ஒரு வருஷம் பேசவில்லை. அக்காவோடு பேசாமல் இருந்தது பேறுகாலம் வரைக்கும். பிறந்த பெண் நல்ல திடகாத்திரமாக இருந்தாள். கறுகறுவென்று தலைமுடி. உரம் போட்ட தலை என்று அத்தான் ஆரம்பித்து வைத்தார். அதற்கு அத்தையே சிரித்துவிட்டதாகச் சொன்னார்கள். என் விஞ்ஞானம் அந்தப் பீப்பாயோடு முடிந்தது. சட்டைப்பையில் கொண்டுபோன அடுப்பைத் திருப்பி வைத்துவிட்டு, ஓய்வுபெறும்வரை குப்பிகளை ஒழுங்காகக் குலுக்கினேன். யார் கேட்டாலும் எந்தத் தண்ணீர் என்று சேர்த்தே சொன்னேன்.

பல வருஷம் கழித்து, அந்தப் பெண்ணின் கல்யாண வேலைகளுக்கு நடுவே, அக்காவும் நானும் தாம்பூலப் பைகளுக்கு வெற்றிலை எண்ணிக்கொண்டிருந்தோம். அப்போது அக்கா சாதாரணமாகச் சொன்னாள்: "அன்னைக்கு அத்தை என் கையில ஊத்தினப்பவே எனக்குத் தெரியும்டா. கல்யாணத்துக்கு முன்னாடி வாரா வாரம் உன் யூனிஃபார்ம் சட்டையைத் துவைச்சவ நான்தானே. அந்த வாடை எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா ஏன் கீழ கொட்டல?"

அவள் வெற்றிலையை அடுக்கிக்கொண்டே இருந்தாள். "நீ சொல்லுவியா மாட்டியான்னு பாத்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். நான் உதைத்த குடத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு எழுந்து எங்காவது போய்விடலாம் போல இருந்தது.

எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் எந்த விசேஷத்திலும் தீர்த்தம் கொடுத்தால் யாரும் உடனே குடிப்பதில்லை. காத்தோங் பிள்ளையார் கோயிலில் குருக்கள் கொடுத்தாலும் சரி, பேரப்பிள்ளைகள் உட்பட எல்லோரும் கையைக் குழித்து வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்புவார்கள். "மாமா, குடிக்கலாமா? தாத்தா, குடிக்கலாமா?" நான் நாலு பேருக்குக் கேட்கும்படி, "குடிக்கலாம்," என்று சொல்ல வேண்டும். சொன்னதும் ஒரே சிரிப்பு. விஷயம் தெரியாத குருக்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். அக்கா மட்டும் சிரிக்க மாட்டாள். கையில் தீர்த்தத்தோடு, நான் வாயைத் திறக்கிறவரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.